வீட்டுச் சுவருக்கு நிறம்: ஷேட் கார்டைத் திறக்கும் முன்பு

பெயின்ட் கடையில் ஷேட் கார்டைப் புரட்டுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த கலர் அடிச்சா நல்லா இருக்கும்?" கடைக்காரர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் இதற்கு அவரால் பதில் சொல்ல முடியாது. அவர் உங்கள் அறையைப் பார்த்ததில்லை. ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது, தரை என்ன, இரவில் எரிவது டியூப்லைட்டா மஞ்சள் பல்பா, பக்கத்து வீட்டுச் சுவர் எத்தனை அடி தள்ளி நிற்கிறது, எதுவும் அவருக்குத் தெரியாது. தெரியாமல் சொல்லும் நிறம் குருட்டாம்போக்கில் சொன்ன நிறம்தான்.

பெயின்ட் செய்கிற வேலை ஒன்றுதான். தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. அப்படித் திரும்பி வந்து கண்ணில் படுவதைத்தான் நிறம் என்கிறோம். அறைக்குள் வராத வெளிச்சத்தை எந்தச் சுவராலும் திருப்பித் தர முடியாது. அதனால்தான் ஒரே டப்பாவிலிருந்து அடித்த சந்தன நிறம் கூடத்தில் இளமஞ்சளாகவும், உள்ளறையில் அழுக்கேறிய பழுப்பாகவும் தெரிகிறது. முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள். அடுத்து, மாற்ற முடியாத தரையையும் கதவையும் பாருங்கள். பிறகு எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்று முடிவு செய்யுங்கள். நீலமா பச்சையா என்ற கேள்வி கடைசியில் வரட்டும். பெரும்பாலான வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது; அடித்து முடித்த பிறகு வரும் வருத்தங்களில் பாதி அதனால்தான்.

நம் ஊர் வெயிலின் கணக்கு

இணையத்தில் கிடைக்கும் நிற ஆலோசனைகளில் ஒன்று திரும்பத் திரும்ப வரும். வடக்கு ஜன்னல் உள்ள அறைக்கு நேரடி வெயில் வராது, வெளிச்சம் நீலம் கலந்து குளிர்ச்சியாக இருக்கும், ஆகவே அங்கே மஞ்சள் சார்ந்த நிறம் அடியுங்கள் என்பது அது. லண்டனுக்கு அது சரி. அந்த ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 51 டிகிரி வடக்கே இருக்கிறது. அங்கே நண்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் நிற்கும்.

தமிழ்நாடு 8 டிகிரிக்கும் 13.5 டிகிரிக்கும் இடையில் இருக்கிறது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வந்து, அதன் பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நண்பகலிலும் வடக்குப் பக்கமாகவே சாய்ந்திருக்கும். கன்னியாகுமரியில் இந்தக் காலம் இன்னும் நீளம்: ஏப்ரல் இரண்டாம் வாரம் தொடங்கி ஆகஸ்ட் முடியும்வரை. அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்குச் சுவரில் நேரடி வெயிலே விழுகிறது. ஐப்பசி முதல் மாசிவரை தெற்குச் சுவருக்கு முறை. வடக்கு குளிர், தெற்கு சூடு என்ற பாகுபாட்டை அப்படியே எடுத்துக்கொண்டால் சித்திரை வைகாசியில் ஏமாந்துபோவோம்.

நம் வீடுகளில் உண்மையான வேறுபாடு கிழக்குக்கும் மேற்குக்கும் இடையில்தான். கிழக்கு ஜன்னல் அறைக்குக் காலையில் பளிச்சென்ற வெயில்; பத்து பதினொரு மணிக்கு மேல் அமைதியான வானத்து வெளிச்சம். மேற்கு அறை காலையில் மந்தமாக இருந்து, மூன்று மணிக்கு மேல் ஆரஞ்சு கலந்த வெயிலில் குளிக்கும். மேற்குப் படுக்கையறைக்கு மாம்பழ மஞ்சளும் செங்கல் நிறமும் அடித்தால் சாயங்காலத்தில் அந்த அறை கண்ணுக்கு இன்னும் சூடேறியது போலத் தெரியும். சாம்பல் கலந்த பச்சை, நீலச் சாயலுள்ள வெள்ளை போன்றவை அந்த வெயிலைச் சமன்செய்யும்.

நகரத்து அடுக்குமாடிகளில் திசையைவிட எதிர்ச்சுவர்தான் முக்கியம். ஜன்னலைத் திறந்தால் ஐந்தடியில் பக்கத்துக் கட்டடம் என்றால், உங்கள் அறைக்குள் வருவது அந்தக் கட்டடத்தில் பட்டுத் திரும்பிய வெளிச்சம். அது பச்சைச் சுவராக இருந்தால் உங்கள் வெள்ளையிலும் பச்சை படியும். வாசலில் அடர்ந்த வேப்பமரம் நிற்கிற வீட்டு முன்னறைக்கும் இதே கதை. ஒரு நாள் முழுக்க விளக்குப் போடாமல் அறையைக் கவனித்துப் பாருங்கள். எந்த அறையில் எந்த நேரத்தில் உட்காருகிறீர்கள் என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். காலையில் மட்டும் புழங்கும் சமையலறைக்கு மாலை வெளிச்சத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இரவு வெளிச்சம்

சூரியன் போன பிறகு பல்புதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. எல்இடி பல்பின் பெட்டியில் 2700, 3000, 4000, 6500 என்று ஓர் எண்ணும் பக்கத்தில் கெல்வின் என்பதற்கான குறியும் இருக்கும். 3000க்குக் கீழே மஞ்சள் வெளிச்சம். 4000 நடுவாந்தரம். 6500 நீலம் கலந்த வெள்ளை. நம் வீடுகளில் பெரும்பாலும் இருக்கும் டியூப்லைட் இந்த வகை. 6500 வெளிச்சத்தில் சந்தன நிறமும் பீச் நிறமும் உயிரிழந்து வெளிறிப்போகும், சாம்பல் நீலமாகத் திரும்பும். 3000 வெளிச்சத்தில் இளநீலம் மங்கிச் சாம்பலாகிவிடும், கிரீம் நிறம் வெண்ணெய் போல மலரும்.

அதே பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று இன்னோர் எண் இருக்கலாம். நிறங்களை எவ்வளவு ஒழுங்காகக் காட்டும் பல்பு என்பதற்கான அளவு அது, 100 உச்சம். சாதாரண பல்புகள் 80 அளவில் இருக்கும். 90க்கு மேல் உள்ளதை வாங்கினால் சிவப்பும் மனிதத் தோலின் நிறமும் சரியாகத் தெரியும். நிறம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு மலிவான பல்பில் அதைக் கெடுப்பது எனக்குப் பொறுக்காத விஷயம். கூடத்துக்கு எந்த விளக்குப் போடப் போகிறீர்கள் என்று முடிவு செய்த பிறகே கூடத்து நிறத்தை முடிவு செய்யுங்கள்.

கடையில் சுவர் நிறமும் திரைச்சீலையும் அச்சாகப் பொருந்தி, வீட்டுக்கு வந்ததும் பொருந்தாமல் போவதும் விளக்கின் வேலைதான். துணியின் சாயமும் பெயின்டின் நிறமியும் வேறு வேறு பொருள்கள். ஒரு வெளிச்சத்தில் அவை ஒரே மாதிரி திருப்பி அனுப்பலாம், இன்னொன்றில் பிரிந்துவிடலாம். ஆகவே துணித்துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நிறத்துக்கு மூன்று குணங்கள்

நிறத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பச்சை, நீலம், மஞ்சள் என்று ஒரு குணத்தை மட்டும் சொல்கிறோம். அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறங்களை மூன்று குணங்களாகப் பிரித்து ஒழுங்குபடுத்தினார். நிறச்சாயல் ஒன்று: பச்சையா, நீலமா என்பது. வெளிர்வு இரண்டாவது: எவ்வளவு வெள்ளையை நோக்கி, எவ்வளவு கருப்பை நோக்கி. செறிவு மூன்றாவது: தூய்மையான பளீர் நிறமா, சாம்பல் கலந்து அடங்கிய நிறமா. கிளிப்பச்சையும் காய்ந்த பச்சிலையின் நிறமும் சாயலில் நெருங்கிய உறவு. ஆனால் செறிவில் இரண்டும் எங்கோ. சுவர் நிறம் பிடிக்காமல் போகிற இடங்களில் நான் கவனித்தவரை, சாயலில் தவறு நடப்பது அபூர்வம். வெளிர்விலோ செறிவிலோதான் நடக்கிறது. "பச்சை அடிச்சது தப்பு" என்று நினைத்து அடுத்த முறை நீலத்துக்குப் போவார்கள். அதையும் அதே செறிவில் அடித்து மறுபடி ஏமாறுவார்கள்.

வாஸ்து பார்த்து நிறம் சொல்லப்படும் வீடுகளிலும் இந்த அறிவு கைகொடுக்கும். இந்த மூலைக்குப் பச்சை என்று சொல்வார்களே தவிர, எந்த வெளிர்வில், எந்த செறிவில் என்று யாரும் கட்டுப்படுத்துவதில்லை. சாம்பல் கலந்த மிக வெளிர் பச்சையும் பச்சைதான். பெரியவர்கள் மனமும் நிறையும், அறையும் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

வெளிர்வுக்கு ஓர் எண் உண்டு. விழும் வெளிச்சத்தில் எத்தனை சதவீதம் திரும்புகிறது என்பதைச் சொல்லும் எண் அது, எல்.ஆர்.வி. என்பார்கள். சில நிறுவனங்களின் ஷேட் கார்டிலோ இணையதளத்திலோ நிறத்தின் பெயருக்குப் பக்கத்தில் கிடைக்கும். நல்ல வெள்ளை 85ஐ ஒட்டி இருக்கும். செங்கல் நிறம் 20ஐ ஒட்டியும், கருநீலம் 10க்குக் கீழேயும் வரும். இதில் கண் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. கருப்புக்கும் வெள்ளைக்கும் சரிபாதி என்று கண் சொல்கிற சாம்பல், உண்மையில் 18 சதவீத வெளிச்சத்தைத்தான் திருப்புகிறது. புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும் சாம்பல் அட்டை அதனால்தான் 18 சதவீத அட்டை. ஷேட் கார்டில் "நடுத்தரமா ஒண்ணு" என்று எடுத்தவர்கள், அறை இவ்வளவு இருண்டுபோகும் என்று எதிர்பார்க்காததற்கு இதுதான் காரணம்.

அதோடு முடியவில்லை. அறைக்குள் வந்த வெளிச்சம் ஒரு முறை சுவரில் பட்டு நின்றுவிடுவதில்லை. எதிர்ச்சுவரில் பட்டு, கூரையில் பட்டு, மறுபடி சுவருக்கு வருகிறது. சுவர், கூரை, தரை எல்லாமே 80 சதவீதம் திருப்பும் ஒரு மூடிய அறையைக் கற்பனை செய்தால், இப்படி மோதி மோதிச் சேரும் மொத்த வெளிச்சம் முதலில் விழுந்ததைப்போல 5 மடங்கு ஆகும். 50 சதவீதம் என்றால் 2 மடங்குதான். சுவரின் எண் 80லிருந்து 50க்கு இறங்கும்போது வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. நிஜ அறையில் ஜன்னல் வழியே வெளிச்சம் வெளியேறும், கருப்பு அலமாரி கொஞ்சம் விழுங்கும், ஆகவே கணக்கு இவ்வளவு துல்லியமாக வராது. போக்கு இதுதான். ஒற்றை ஜன்னல் உள்ள அறைக்கு 70க்குக் குறையாத நிறம் எடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதை வைத்துத்தான். பகலிலேயே விளக்குப் போட வேண்டிய அறையில் வாழ்வது மனத்தைச் சோர்வாக்கும், மின்கட்டணம் வேறு.

இதே மோதல் செறிவையும் கூட்டுகிறது. ஒரு மஞ்சள் சுவர் மஞ்சள் வெளிச்சத்தில் 80 பங்கையும் நீல வெளிச்சத்தில் 40 பங்கையும் திருப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மோதலில் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் விகிதம் இரண்டுக்கு ஒன்று. எதிர்ச்சுவரும் மஞ்சளாக இருந்தால் அடுத்த மோதலில் நான்குக்கு ஒன்று. கார்டில் இதமாகத் தெரிந்த இளமஞ்சள், நான்கு சுவரிலும் ஏறியதும் எலுமிச்சை மாதிரிக் கூச்சலிடுவது இப்படித்தான். கார்டில் உங்களுக்குப் பிடித்த கட்டத்திலிருந்து ஒரு படி வெளிறியதை, ஒரு படி சாம்பல் கலந்ததை எடுங்கள். கடையில் பார்க்கும்போது அது கொஞ்சம் மந்தமாகத்தான் தோன்றும். சுவரில் ஏறியதும் சரியாகும்.

பக்கத்தில் என்ன இருக்கிறது

1824இல் பாரிஸ் நகரத்தின் கோப்லான் திரைச்சீலைத் தொழிற்சாலையில் சாயப்பிரிவுக்குத் தலைவராகச் சேர்ந்தவர் மிஷேல் ஷெவ்ரெல் என்ற வேதியியலாளர். அங்கே சாயமேற்றிய கருப்பு நூலில் ஆழமே இல்லை என்று புகார்கள் வந்தன. மற்ற இடங்களின் கருப்பு நூலோடு வைத்துச் சோதித்தால் இவர்களுடைய சாயத்தில் ஒரு குறையும் இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் அந்தக் கருப்பு நூலை நெய்ததுதான் கோளாறு என்று அவர் கண்டுபிடித்தார். பக்கத்து நிறம் கண்ணில் இந்த நிறத்தை மாற்றிவிடுகிறது. ஆராய்ச்சி முழுவதையும் 1839இல் வெளியிட்டார்.

நம் வீட்டில் இது தினமும் நடக்கிறது. தூய வெள்ளை விட்ரிஃபைடு டைல்ஸ் போட்ட கூடத்தில் கிரீம் நிறச் சுவர் அடித்தால், அந்தக் கிரீம் பழசாகிப்போன வெள்ளை மாதிரித் தெரியும். அதே கிரீம், தேக்கு நிலைக்கதவுக்கும் ஐவரி டைல்ஸுக்கும் நடுவில் பாந்தமாக உட்காரும். சிவப்பு ஆக்சைடு தரை போட்ட பழைய வீடுகளில் தரையில் பட்ட வெயில் சுவரின் கீழ்ப்பாதிக்கு ரோஜா நிறம் ஏற்றும். அங்கே பச்சைச் சாயலுள்ள வெள்ளை அடித்தால் கீழே ஒரு நிறமும் மேலே ஒரு நிறமுமாகப் பிரிந்து தெரியும். மொசைக் தரை இருந்தால் வேலை சுலபம். குனிந்து அந்தச் சில்லுகளைப் பாருங்கள். அதில் ஏதாவது ஒரு சில்லின் நிறத்தை வெளிறச் செய்து எடுத்தால் தரையும் சுவரும் ஒன்றையொன்று விரட்டாது. ஆத்தங்குடிக் கல் பதித்த வீட்டில் தரைதான் ராணி. சுவர் வெள்ளையை ஒட்டி ஒதுங்கி நிற்பதே அழகு.

ஆக, தரை, கதவு, சமையல் மேடைக் கல், கப்போர்டு, பெரிய சோபா என்று மாற்ற முடியாதவற்றை முதலில் பட்டியலிடுங்கள். சுவர் அவற்றோடு பேச வேண்டும். பெயின்ட் மாற்றுவது தரை மாற்றுவதைவிட எத்தனையோ மடங்கு மலிவு.

வெள்ளைக்குள்ளும் சாம்பலுக்குள்ளும் ஒளிந்திருக்கும் உள்சாயலைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: ஷேட் கார்டின் கட்டத்தை வெறும் வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பாருங்கள். தனியாகப் பார்த்தபோது சாம்பலாகத் தெரிந்தது ஊதாவாகவோ பச்சையாகவோ தன்னைக் காட்டிக்கொடுக்கும். அதே பட்டையில் மிக அடர்ந்த கட்டத்தைப் பார்ப்பதும் உதவும். உள்ளே இருக்கும் சாயல் அங்கே வெளிப்படையாக நிற்கும். கண் மயங்கும் இந்த வித்தையை நம் ஊரில் காலங்காலமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சுண்ணாம்பு அடிக்கும்போது துணிக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் கலக்குவார்கள். சுண்ணாம்பின் மஞ்சள் சாயலை நீலம் அடக்கிவிட, சுவர் பளீர் வெள்ளையாகத் தெரியும்.

உள் அலங்காரக்காரர்கள் 60, 30, 10 என்று ஒரு விகிதம் சொல்வார்கள். அறையில் 60 பங்கு முதன்மை நிறம், 30 பங்கு துணை நிறம், 10 பங்கு துள்ளலான நிறம். தொடங்குகிறவர்களுக்கு உதவும் அளவுகோல்தான். ஆனால் நம் வீடுகளில் அந்தப் பத்துப் பங்கு எப்போதும் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது: சாமி படங்கள், காலண்டர், கொடியில் காயும் சேலை, பிளாஸ்டிக் நாற்காலி, குழந்தைகளின் பை. இத்தனை நிறங்களுக்கும் பின்னணியாக நிற்கப்போகிற சுவர் அமைதியாக இருப்பதே நல்லது. ஒரு சுவருக்கு மட்டும் அடர்நிறம் வேண்டும் என்று ஆசை இருந்தால், அறைக்குள் நுழைந்ததும் கண்ணில் படும், ஜன்னல் இல்லாத சுவரில் அடியுங்கள். ஜன்னல் உள்ள சுவர் எப்போதும் நிழலில் இருக்கும். அங்கே அடர்நிறம் கருப்பாகிவிடும். ஜன்னலின் பளீர் வெளிச்சமும் சுவரின் இருட்டும் அடுத்தடுத்து நின்று கண்ணைக் கூசும்.

ஒட்டிப் பார்க்கும் முறை

தபால்தலை அளவுக் கட்டத்தைப் பார்த்து ஆயிரம் சதுரஅடியை முடிவு செய்யாதீர்கள். சிறு மாதிரி டப்பா வாங்கி, கெட்டியான வெள்ளை சார்ட் அட்டையில் இரண்டு கோட்டிங் அடித்துக் காயவிடுங்கள். எமல்ஷன் ஈரமாக இருக்கும்போது வெளிறித் தெரியும், காய்ந்தால் ஒரு படி அடர்ந்துவிடும். அட்டையை மேஜைமேல் படுக்கவைத்துப் பார்க்கக் கூடாது. சுவரில் நிறுத்தி ஒட்ட வேண்டும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு நாள், ஜன்னல் பக்கத்துச் சுவரில் ஒரு நாள், மூலையில் ஒரு நாள். காலை, நண்பகல், மாலை, விளக்குப் போட்ட பிறகு என்று பாருங்கள். பழைய நிறச் சுவரிலேயே நேரடியாகத் திட்டுத் திட்டாக அடித்துப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. ஷெவ்ரெல் சொன்னது இங்கேயும் குறுக்கே வரும்: பழைய ரோஸ் சுவரின் நடுவே எந்தச் சாம்பலும் பச்சையாகத்தான் தெரியும்.

கைபேசியில் வீட்டுப் படத்துக்கு நிறம் பூசிக் காட்டும் செயலிகளை, எந்தச் சுவரில் அடர்நிறம், எதில் வெளிர் என்று அமைப்பைப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திரை தானே ஒளிர்வது, சுவர் ஒளிராது.

டப்பாவுக்குள் இருப்பது

கடைகளில் நிறம் கலப்பது இப்போது மெஷின்தான். பேஸ் எனும் அடிப்படைப் பெயின்டில், நிறத்தின் எண்ணுக்கு ஏற்றபடி சொட்டுச் சொட்டாக நிறமிகள் விழும். வெளிர் நிறத்துக்கான பேஸில் டைட்டானியம் டைஆக்சைடு என்ற வெள்ளை நிறமி நிறைய இருக்கும். சுவரை மூடி மறைக்கும் வேலையைச் செய்வது அதுதான். அதற்கு மூலப்பொருளாகும் இல்மனைட் தாதுமணல் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கிறது. நம் வெள்ளைச் சுவருக்கும் அந்தக் கடற்கரைக்கும் இப்படி ஓர் உறவு. அடர்நிறங்களுக்கான பேஸில் இந்த வெள்ளை மிகக் குறைவு. பளீர் மஞ்சளும் பளீர் சிவப்பும் இரண்டு கோட்டிங்கில் மூடாமல் மூன்று, நான்கு கேட்பது அதனால்தான். அந்த நிறங்கள்தான் வேண்டும் என்றால் அடியில் நிறம் கலந்த பிரைமர் ஒரு கோட்டிங் போடச் சொல்லுங்கள். செலவு குறையும்.

பளபளப்பும் நிறத்தை மாற்றும். ஒரே நிற எண், பளபளப்பில்லாத 'மேட்' வகையில் சற்று வெளிறியும், பளபளப்பான வகையில் ஆழமாகவும் தெரியும். பளபளப்பு கூடக்கூடச் சுவரின் மேடுபள்ளமும் பட்டி பார்த்த தடமும் தெரிய ஆரம்பிக்கும். குழந்தைகள் கைபடும் இடத்துக்குத் துடைக்கத் தோதான மெல்லிய பளபளப்பு, கூரைக்கு மேட், கரடுமுரடான பழைய சுவருக்கும் மேட்.

வெளிச்சுவர்

வெளியே விதிகள் வேறு. இங்கே நிறம் வெயிலோடும் மழையோடும் போராட வேண்டும். காவியும் செம்மண் நிறமும் மஞ்சள் மண் நிறமும் இரும்பு ஆக்சைடு நிறமிகள். எத்தனை வெயிலிலும் அசையாதவை. கோயில் மதில்களில் சுண்ணாம்பு வெள்ளையும் காவியும் பட்டைபட்டையாக நிலைத்திருப்பதற்கு இந்த மண்ணும் ஒரு காரணம். பளீர் ரோஸ், ஊதா, ஆரஞ்சு போன்றவற்றில் பெரும்பாலும் கரிம நிறமிகள் சேர்கின்றன. அவற்றில் பல, நம் வெயிலில் சில வருடங்களிலேயே வெளுத்துவிடும். அதுவும் மேற்குச் சுவரில் முதலில் வெளுக்கும். வீடு இரண்டு நிறமாக நிற்கும். வாங்கும்போது "இந்த நிறம் வெளியே தாங்குமா" என்று கேளுங்கள். வெளிப்புறத்துக்குப் பரிந்துரைக்காத நிறங்களை நிறுவனங்களே தங்கள் கார்டில் குறித்திருப்பதுண்டு.

இதைவிட முக்கியமானது சூடு. அடர்நிறம் விழுங்கிய வெளிச்சம் எங்கும் போய்விடுவதில்லை. சூடாகச் சுவருக்குள் இறங்குகிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் மாலையில் வாங்கிய சூட்டைப் பல மணி நேரம் கழித்து உள்ளே விடும். அதாவது நீங்கள் படுக்கப் போகும் நேரத்தில். எலிவேஷனுக்குக் கருஞ்சாம்பல் அடிக்கும் வழக்கம் இப்போது பரவிவிட்டது. படத்தில் எடுப்பாக இருக்கிறது என்பதற்காக, சித்திரை வெயில் அடிக்கும் மேற்குச் சுவரில் அதை அடிக்கவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சுவருக்குப் பின்னால் யாரோ ஒருவர் படுத்திருப்பார். அடர்நிறம் ஆசையாக இருந்தால் சன்ஷேட் ஓரம், தூண், ஜன்னலைச் சுற்றிய பட்டை என்று சிறிய இடங்களில் வையுங்கள். புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதியில் மஞ்சள் சுவரும் வெள்ளைப் பட்டையும் இரண்டே நிறத்தில் தெருவையே நிறைத்துவிடுகின்றன. மூன்றாவது நிறம் அங்கே தேவைப்படவில்லை.

தூசி பறக்கும் சாலையோரத்தில் தூய வெள்ளையும் கருநிறமும் இரண்டுமே அழுக்கைக் காட்டிக்கொடுக்கும்; மண்ணின் சாயலுள்ள நடுவாந்தர வெளிர்நிறங்கள் மறைக்கும். ஆனால் சன்ஷேடுக்குக் கீழே மழைநீர் வழிந்து கருப்புக் கோடு விழுகிறது, சுவரில் ஓதம் ஏறி உப்பு பூக்கிறது என்றால் அதை எந்த நிறத்தாலும் மறைக்க முடியாது. முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். ஐப்பசி கார்த்திகை மழை நின்றதும் பொங்கலுக்காக அவசரமாக அடிக்கும் வீடுகளில் பூச்சு பொரிந்து உதிர்வது, சுவர் உள்ளே இன்னும் ஈரமாக இருப்பதால்தான். புதிதாகப் பூசிய சுவர் என்றால் நீராற்றும் நாள்கள் முடிந்து நன்றாக உலரும்வரை காத்திருக்க வேண்டும்.

வயதானவர்கள் இருக்கும் வீடு

இதைப் பற்றி நிற ஆலோசனைகளில் யாரும் பேசுவதில்லை, பேச வேண்டும். வயது ஏறஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிறது. நீல வெளிச்சம் உள்ளே போவது குறைகிறது. கருநீலமும் கருப்பும் ஒன்றாகத் தெரியும், வெள்ளைக்கும் இளமஞ்சளுக்கும் வித்தியாசம் மங்கும். தாத்தா பாட்டிக்கு அறையில் வழிகாட்டுவது சாயல் இல்லை, வெளிர்வின் வேறுபாடுதான். வெளிர் சுவரில் அடர்ந்த நிறத்தில் கதவு நிலை, சுவரிலிருந்து பிரிந்து தெரியும் சுவிட்ச் போர்டு, படிக்கட்டின் ஒவ்வொரு விளிம்பிலும் மாறுபட்ட நிறத்தில் ஒரு பட்டை, குளியலறையில் சுவரோடு கலந்துவிடாத கைப்பிடி. வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைக் கழிப்பறைப் பீங்கான் என்று எல்லாம் ஒரே வெள்ளையாக இருந்தால், எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் தடுமாறுவார்கள். இதற்குத் தனியாகப் பெரிய செலவு எதுவும் இல்லை.

பழைய வீட்டில் இன்னொரு எச்சரிக்கை. கதவு, ஜன்னல் கம்பிகளில் இருக்கும் பழைய மஞ்சள், ஆரஞ்சு, பச்சை எனாமலில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அந்தப் பளீர் நிறங்களுக்கு ஒரு காலத்தில் ஈயக் குரோமேட்தான் நிறமி. இந்தியாவில் வீட்டு பெயின்ட்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016இல் விதி வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய பூச்சை உலர்ந்த நிலையில் தேய்த்தால் கிளம்பும் தூள் குழந்தைகளுக்கு ஆபத்து. தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். அன்றைக்குக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த வீட்டில் இருக்க வேண்டாம். வேலை பார்க்கும் பெயின்டருக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். அந்தத் தூளை அவர்தான் எல்லா வீடுகளிலும் சுவாசிக்கிறார்.

நிறம் முடிவானதும் அதன் பெயரை நம்பாதீர்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனத்தின் எண்ணை வேறு நிறுவனத்தில் கலந்து வாங்கினால் கிட்டத்தட்ட வரும், அச்சாக வராது. ஒரு அறைக்கு வேண்டியதை ஒரே நாளில் கலந்து வாங்குங்கள். பல டப்பாக்கள் என்றால் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் கொட்டிக் கலக்கிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு டப்பாவுக்கும் நூலிழை வித்தியாசம் இருக்கலாம். நிறுவனம், பெயின்ட் வகை, நிற எண், பேஸ், மேட்டா பளபளப்பா, வாங்கிய தேதி என்று ஒரு தாளில் எழுதி மின்மீட்டர்ப் பெட்டியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். மிச்சத்தில் அரை லிட்டரை மூடி இறுக்கி லாஃப்டில் நிழலில் வையுங்கள். பின்னாளில் சுவரில் கீறல் விழுந்தால், சிறிய இடமென்றாலும் பட்ட இடத்தில் மட்டும் தொடாமல் மூலையிலிருந்து மூலைவரை அந்தச் சுவர் முழுவதையும் அடிப்பது நல்லது. அதற்குள் பழைய பூச்சு வெயிலிலும் புகையிலும் கொஞ்சம் மாறியிருக்கும். நடுவில் தொட்டால் திட்டாக நிற்கும், மூலையில் முடித்தால் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.